இறங்கிய இடம்

"மேல போனா என்னென்ன தெரியும்?" என்று கேட்டாள் திலகா.

"எல்லாம் தெரியும் லா," என்றான் தர்மேந்திரன். "லிங்கி ஆறு தெரியும். அதுக்கு அங்கிட்டு கடலு, ஒரு கோடு கிழிச்ச மாதிரி. நம்ம சன்னாசி மச்சான் வீட்டுக் கூரையில எத்தன ஓட்டை இருக்குன்னு எண்ணிப்புடலாம்."

"நம்ம வீடு?"

"கொடியில ஒன் சிவப்புக் கைலி கெடக்கும்ல, அதான் மொதல்ல கண்ணுல படும். அதப் பாத்துத்தான் திரும்பி வருவேன்."

திலகாவுக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் முறத்தில் நெத்திலி குவிந்து கிடந்தது. தலையைக் கிள்ளி வயிற்றை உருவிப் போட்டுக்கொண்டிருந்த கை மட்டும் நிற்கவில்லை. மறுநாள் கடையில் விற்கிற நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சம்பல் வைக்க வேண்டும்.

"தரையில உள்ளதும் தெரியுமா? மேடு, பள்ளம், புல்லு மூடிப்போன எடம், அந்த மாதிரி..."

தர்மேந்திரன் தே ஓ கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். "ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

"மேடு பள்ளமெல்லாம் தெரியாது. மேல இருந்து பாத்தா எல்லாம் ஒரே தட்டுத்தான்," என்று சொல்லிவிட்டு, மீதித் தேநீரை வாசல் செடியில் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இந்தப் பேச்சு நடந்தது போன மழைக்காலத்தில். திலகா அதைப் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் கேட்க வந்தது வேறு. பழைய சுடுகாடு தெரியுமா என்று கேட்க வந்தாள். அங்கே அவளுடைய முதல் பிள்ளையை எங்கோ வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறை அந்த இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இதைக் கேட்க வாய் வராமலே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆண்பிள்ளை. சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் பிறந்து ஒரு ராத்திரி இருந்தது. திலகாவுக்குக் குளிர்காய்ச்சல், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். தர்மேந்திரனும், அவளுடைய பெரியப்பா மகன் சன்னாசியும் வந்து பிள்ளையைத் துண்டில் சுற்றி, யாரோ கொடுத்த வேனில் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கிடந்தது. மாமியார் மங்கம்மா மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அந்தப் பூவின் வாசனை இன்றைக்கும் திலகாவுக்கு ஆகாது.

"எங்க வச்சாங்க அத்தே?" என்று அப்போது ஒருமுறை கேட்டாள்.

"அதக் கேக்காத. பெத்தவ அந்த மண்ணப் பாத்தா அடுத்தது வயித்துல தங்காது. அவனுங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன். யாரும் ஒனக்குக் காட்ட மாட்டாங்க."

மங்கம்மா கெட்டவள் இல்லை. பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். மருமகள் துணியை முகம் சுளிக்காமல் துவைத்தாள். அவளுக்குத் தெரிந்த வழியில் அடுத்த பேரப்பிள்ளைக்குக் காவல் போட்டாள், அவ்வளவுதான். பிறகு ரோகினி பிறந்து நல்லபடியாக வளர்ந்தாள். பார்த்தாயா, சொன்னதைக் கேட்டதால்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். மங்கம்மா செத்தும் பல வருசம் ஆகிவிட்டது. அவள் போட்ட காவல் மட்டும் அப்படியே நின்றது. எடுப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

ரந்தாவ் சாலையிலிருந்து உள்ளே போகிறது ஒன்பதாங் கட்டைத் தோட்டம். அந்தக் காலத்தில் அது முழுக்கக் கித்தாக் காடு, ரப்பர் மரம். சுடுகாடு ஆற்றோரமாக, கடைசி நிரைக்குக் கீழே இருந்தது. பிறகு கம்பெனி கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டது. பெரியவர்களின் கல்லறைகளைச் சொந்தக்காரர்கள் வந்து பார்த்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பிறந்து செத்த பிள்ளைகளுக்குக் கல் ஏது? அதன் மேலேயே பனங்கன்று நட்டார்கள். கன்று வளர்ந்து, காய்த்து, ஏணிக்கு எட்டாத உயரம் போய், கிழடு தட்டியது. இந்த வருசம் அதையும் வெட்டிச் சாய்த்தார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் லோபாக்குக்கும் சுங்கை காடுட் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த சில குடும்பங்களில் தர்மேந்திரன் குடும்பம் ஒன்று, வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் சன்னாசி குடும்பம் ஒன்று.

தர்மேந்திரனுக்குச் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. அங்கே நாள் முழுக்க இரும்போடு கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் இரும்போடுதான் கிடப்பான். ஆயாக் கொட்டகை சும்மா கிடந்தது. பால்வெட்டுக்குப் போகிற தாய்மார்கள் விடிவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போன கொட்டகை அது. விட்டத்தில் தூளி கட்டிய கொக்கிகள் இன்னும் இருந்தன. அந்தக் கொக்கியில் சங்கிலி போட்டுத்தான் பழைய கார் என்ஜினைத் தூக்கி நிறுத்தினான்.

அவன் கட்டியதற்கு ஜைரோகாப்டர் என்று பெயர். தோட்டத்தில் காத்தாடி என்றார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டருக்கு இருப்பதுபோல் நீளமான இறக்கை. ஆனால் அதை என்ஜின் சுற்றாது. முதுகுக்குப் பின்னால் இருக்கிற விசிறி தள்ள, வண்டி முன்னால் ஓட, காற்றே மேல் இறக்கையைச் சுற்றிவிடும். ஒரு ஆள் உட்காரலாம். கதவு இல்லை, கூரை இல்லை.

"மச்சான்," என்பார் சன்னாசி, கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "ஊரு ஒலகத்துல அவனவன் மைவி காரு வாங்கி ஓட்டுறான். நீ என்னாடான்னா நாற்காலிக்கு றெக்க கட்டுற."

"மைவி பறக்குமா?"

"நீ ஓட்டுனா பறக்கும் லா. டிவைடருக்கு மேல."

"போயி பெரட்டுல வேலையாளுங்க பேரு கூப்புடு, போ. ஒன் பங்களாதேஷ் ஆளுங்க காத்துக்கெடக்குறானுங்க."

திலகா அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. சாமான் எடுத்துக் கொடுத்தாள், வெளிச்சம் பிடித்தாள், இருக்கைக்கு உறை தைத்தாள். மனுசனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. இதாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் செம்மண் சாலையில் ஓட்டிப் பழகினான். முதலில் முழங்கால் உயரம். பிறகு மரத்து உயரம். அனுமதி எதுவும் வாங்கவில்லை. கேட்டால் தரமாட்டார்கள் என்று கேட்கவில்லை.

செம்பனையை வெட்டிச் சாய்த்த பிறகு அவன் அதிக நேரம் மேலே இருக்க ஆரம்பித்தான். வெட்டவெளியாகிவிட்டது, இறங்க இடம் இருக்கிறது, அந்தத் தைரியம்தான் என்று திலகா எண்ணிக்கொண்டாள்.

முதல்நாள் நல்ல மழை பெய்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரைத்த மிளகாயை எண்ணெயில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். காத்தாடிச் சத்தம் தூரத்தில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. சோறு கொதிக்கிற சத்தம்போல, மாறினால்தான் காதில் விழும்.

மாறியது. என்ஜின் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போய்க் கதறியது. புல்வெட்டும் இயந்திரத்தில் கயிறு அறுந்தால் கத்துமே, அப்படி. அப்புறம் ஒன்றுமில்லை.

திலகா அடுப்பை அணைத்தாள். வாசலுக்கு வந்தாள். வானத்தில் தேடினாள். மேகம்தான் இருந்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று அவளையே பார்த்தது.

சன்னாசி மோட்டார் சைக்கிளில் வந்து சேரும் வரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் முழங்கால் வரை சேறு.

"தங்கச்சி, பயப்படாத. ஆளு நல்லாருக்கான். விழல. எறங்கிட்டான். காலுதான் முறிஞ்சிருக்கும்போல."

"எங்கண்ணே?"

"வெட்டுன காட்டுல."

"அது இம்மாம் பெருசு கெடக்கு. எந்தப் பக்கம்?"

சன்னாசி மோட்டார்க் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "ஆத்தோரமா. அந்தப் பழைய... அந்தப் பக்கம்தான்."

திலகா செருப்பை மாட்டினாள். "இருங்க, வர்றேன்."

"நீ வராத."

"என்னாது?"

"டிராக்டர் போயிருச்சு. ஏத்தி மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துருவோம். ஆம்புலன்ஸுக்கும் அடிச்சாச்சு. நீ ஒன் கடைகிட்டப் போயி நில்லு."

"எம்புருசன் காலு முறிஞ்சு கெடக்குறாரு. நான் வரக் கூடாதா?"

"அந்த எடத்துக்கு நீ வேணாம் தங்கச்சி," என்றார் சன்னாசி. குரல் கெஞ்சியது. "சொன்னாக் கேளு."

அவர் போய்விட்டார். திலகா அங்கேயே நின்றாள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. சாலை திறந்துதான் கிடந்தது. நடந்தால் கொஞ்ச தூரம். ஒரு மனுசன் அடிபட்டுக் கிடக்கிற நேரத்தில்கூட இவர்களுக்கு அந்த ஞாபகம் வருகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மெயின் ரோட்டுக்குத்தான் நடந்தது. விடிகாலையில் அவள் நாசி லெமாக் பொட்டலம் விற்கிற தகரக் கொட்டகையின் கீழே, காலி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் காலையே அறுத்துப் போடலாம்போல இருந்தது அவளுக்கு.

டிராக்டர் வந்தது. உரச்சாக்குகளின் மேல் தர்மேந்திரனைக் கிடத்தியிருந்தார்கள். முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதைத்தான்:

"பெல்ட்டு அறுந்துருச்சு புள்ள. என்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு. வெசிறிக்குப் போற பெல்ட்டு."

"பேசாதீங்க."

"மேல றெக்க நிக்கல, தெரியுமா? தள்ளுறதுக்கு ஒண்ணும் இல்ல, இருந்தும் அது பாட்டுக்குச் சுத்துச்சு. பூ மாதிரிதான் எறக்கிச்சு. மண்ணுதான் சொதசொதன்னு இருந்துச்சு. முன் சக்கரம் பொதைஞ்சு குப்புறத் தள்ளிருச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையில், கால்சட்டையில், காது மடிப்பில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பும் சிவப்புமாக, ஆற்றோரத்து மண்.

ஆஸ்பத்திரியில் கால்சட்டையைக் கத்தரித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைக் குழாயடியில் கொட்டினாள். தேய்க்கத் தேய்க்க மண் கரைந்து சாக்கடைக்குப் போனது. பாதியில் கையை எடுத்துவிட்டாள். தண்ணீரை நிறுத்தினாள். இனி உடுத்த முடியாத கால்சட்டை அது, ஏன் துவைக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மண் தன் கையில் படுவது இதுதான் முதல் தடவை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் சிரம்பானிலிருந்து ரோகினி வந்தாள். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வந்ததும் வராததுமாகப் பையைத் தூக்கி எறிந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு அறிவு இருக்கா இல்லியா? சீரியஸா கேக்குறேன்."

"மொதல்ல தண்ணி குடி," என்றான் தர்மேந்திரன். முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்ட கால் முக்காலி மேல் நீட்டிக் கிடந்தது.

"கிளினிக்ல எல்லாரும் வீடியோ பாத்துட்டாங்க. யாரு எடுத்தாங்களோ தெரியல. 'இது ஒங்க ஊருதானே ரோகினி, யாரு அந்த அங்கிள்'ன்னு கேக்குறாங்க. எங்கப்பான்னு சொல்றதா, யாரோ பைத்தியக்காரன்னு சொல்றதா?"

"ரெண்டும் சொல்லு லா. ரெண்டும் உண்மைதானே."

"அம்மா, பாரும்மா இவர!"

"போலீஸ் வந்து எழுதிக்கிட்டுப் போயிருக்கு," என்றாள் திலகா. "பிளேனுக்கு உண்டான ஆபீஸ்லேருந்தும் ஆளு வருவாங்களாம். அவங்க திட்டுவாங்க. நீயும் திட்டாத. சாப்புடு."

ரோகினி மரவள்ளிக்கீரையும் கருவாடும் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் கருவாடு கேட்டாள். சாயங்காலம் அப்பாவின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். சன்னாசி வந்து தர்மேந்திரன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். திலகா அவர்களுக்குத் தே ஓவும் பிஸ்கட் டின்னும் வைத்துவிட்டு, சமையலறை வாசலில் உட்கார்ந்து வாழை இலையைத் துடைத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். காற்று அசையவில்லை. மேலே தகரம் சுட்டுக்கொண்டிருந்தது.

"தோட்டத்து மேனேஜர் தொரை போன் அடிச்சாரு," என்றார் சன்னாசி. "நாளைக்குக் காலையில மண்வாரி எறங்குதாம். அந்தப் பக்கம் பூரா வாரிப் படிப்படியா வெட்டப் போறாங்க. காத்தாடிய இன்னிக்கே எடுத்துரணுமாம்."

"எடு. டிராக்டர்ல போட்டுக் கொட்டகைக்குக் கொண்டாந்துரு."

"பழைய இரும்புக்கடைச் சீனன் கேக்குறான்."

"அவன் கேப்பான். நீ ஒரு ஆணிய வித்தாலும் மச்சான்னு பாக்க மாட்டேன்."

"மேல் றெக்க ரெண்டா ஒடிஞ்சு கெடக்குடா. அத வச்சு என்னா பண்ணப் போற? துணி காயப் போடவா?" சன்னாசி சிரித்தார். தர்மேந்திரன் சிரிக்கவில்லை. அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

"சரி, ஒண்ணு கேக்குறேன். என்னாத்துக்கு அங்கயே சுத்துன? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மரம் வெட்டுனதுலேருந்து, மேல போனா நேரா அங்கதான் போற. ஒசரப் போறவன் ஒசரப் போவான். நீ பருந்து கோழிக்குஞ்சு தேடுற மாதிரி தாழத் தாழச் சுத்துன. போலீஸ்காரன் கேட்டப்ப ஏதோ பழகுறேன்னு சொன்ன. எங்கிட்டயும் அதையே சொல்லப் போறியா?"

"மெதுவாப் பேசு," என்றான் தர்மேந்திரன்.

திலகாவின் கையில் இருந்த துணி இலை மேல் நின்றது.

"தேடுனேன்," என்றான் அவன்.

"ம்."

"எரநூறு அடி ஒசரத்துலேருந்து பாத்தா பிடிபடும்னு நெனச்சேன். என்னிக்காவது மண்வாரி வந்துட்டா அப்புறம் என்னா இருக்கு? அதுக்குள்ள ஒரு தடவ பாத்து வச்சுக்கலாம்னு. போன வாரத்துக்கு முந்துன வாரம் கண்டுபிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தாழ வந்து பாக்கலாம்னு வந்தேன், பெல்ட்டு போயிருச்சு."

"கண்டுபிடிச்சியா? எங்க?"

"ரெட்டப் பால்மரம் இருந்துச்சுல்ல. அதுக்குக் கீழ, ஆத்துப் பக்கமா."

"கீழ இல்லடா. மேல."

"கீழ மச்சான்."

"டேய், நான்தானே தூக்கிட்டு வந்தேன். தாய்மாமன்காரன் நான். துண்டோட இந்தத் தோளுல சாத்திக்கிட்டு நடந்தேன். மரத்தத் தாண்டி நடந்தேனா, தாண்டாம நின்னேனா, எனக்குத் தெரியாதா?"

"நீ தூக்குன. வெட்டுனது யாரு? இரு."

தர்மேந்திரன் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்துத் தரையில் குறுக்கே போட்டான். "இது ஆறு. இப்ப இருக்கற வாய்க்கா இல்ல. பழைய ஆறு." குனிய முடியாமல் குனிந்து, தன் கிளாசை ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் வைத்தான். "இது ரெட்டப் பால்மரம்."

"இது கோயிலு," என்று சன்னாசி பிஸ்கட் டின்னை நகர்த்தினார். "கோயில்லேருந்து வந்தோம். வேன் அங்கேயே நின்னுருச்சு. அங்கேருந்து நடந்தோம். இப்படி. மரத்தத் தாண்டுனோம்." அவர் விரல் சிமெண்டுத் தரையில் நடந்து ஓரிடத்தில் ஊன்றி நின்றது. "இங்க."

"மரத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டோம். ஆத்தப் பாத்து எறங்குனோம். இங்க." தர்மேந்திரன் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி வேறோர் இடத்தில் விரலை வைத்தான்.

இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. காட்டில் அது எவ்வளவு தூரம் என்று யாருக்குத் தெரியும்?

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றான் தர்மேந்திரன். "கெழக்கப் பாத்து நின்னு வெட்டுனேன். வெயிலு மூஞ்சில அடிச்சுச்சு. கண்ணு கூசி மம்புட்டி சரியா விழல."

"வெயிலா? அன்னிக்கு மழைடா!"

"மழையா?"

"துண்டு நனையுதேன்னு என் சட்டையக் கழட்டி மேல போட்டேனே. மறந்துட்டியா?"

"வெயிலு மச்சான்..." தர்மேந்திரன் குரலில் இருந்த உறுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. விரலைத் தரையிலிருந்து எடுத்தான். திரும்ப வைக்கப் போனவன் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை மடியில் போட்டுக்கொண்டான். சன்னாசியும் தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் தரையில்தான் இருந்தது. ஆனால் அதை நம்பாதவர்போலப் பார்த்தார்.

"காலையில வெயிலு," என்றாள் திலகா. "பத்து மணிக்கு மேல மழை."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சமையலறை வாசலில் எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்து இலைத்துண்டுகள் சரிந்து கீழே விழுந்தன.

"வார்டுல ஜன்னல் ஓரத்துக் கட்டிலு எனக்கு. நீங்க ரெண்டு பேரும் வெளியில போனப்ப நல்ல வெயிலு. வேனு ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டுற வரைக்கும் பாத்தேன். அப்புறம் மழை புடிச்சுது. நனையுமேன்னு நெனச்சேன். மாமாக்காரன் பாத்துக்குவாருன்னும் நெனச்சேன்."

"திலகா..." என்றான் தர்மேந்திரன்.

"ரெண்டும் சரிதான். வெயிலுல ஆரம்பிச்சு மழையில முடிச்சிருப்பீங்க."

அவள் அருகில் வந்தாள். கீழே கிடந்த ஊன்றுகோலையும் கிளாசையும் பிஸ்கட் டின்னையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானா என்றிருந்தது. இத்தனை வருசமாக ஊரே சேர்ந்து அவளுக்குக் காட்டாமல் மறைத்தது இந்த மூன்று சாமான்களுக்கு நடுவில்தான் இருந்ததா?

சன்னாசி எழுந்திருக்கப் பார்த்தார். "நான் டிராக்டரப் போயிப் பாக்குறேன்..."

"ஒக்காருங்கண்ணே." அவர் உட்கார்ந்தார். "நான் ஏன் ஒரு வார்த்த கேக்காம இருந்தேன், தெரியுமா? பயந்துக்கிட்டு இல்ல. அத்தே போனதுக்கப்புறம் எனக்கு யாருகிட்ட பயம்? நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க, நான் பாக்கலைன்னாலும் ரெண்டு பேரு தெரிஞ்சு வச்சிருக்காங்க, அப்பப்ப ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவாங்கன்னு நெனச்சேன். அந்தத் தெகிரியத்துலதான் சோறு ஆக்குனேன், ரோகினிய வளத்தேன், சிரிச்சேன். இப்ப என்னாடான்னா மழையா வெயிலான்னே தெரியல ஒங்களுக்கு."

"தேடத்தானே செஞ்சேன்," என்றான் தர்மேந்திரன். கண் கலங்கியிருந்தது. "ஒனக்காகவும்தான். கண்டுபிடிச்சுட்டு ஒங்கிட்ட வந்து..."

"கண்டுபிடிச்சுட்டு எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பொய் சொல்லத் தெரியாத மனுசன். அதை நினைத்துத்தான் அவள் அவனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தினாள். இன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மேல போயித் தேடுனீங்க," என்றாள். "அத்தன கஷ்டப்பட்டு றெக்க கட்டிக்கிட்டுப் போயித் தேடுனீங்க. பக்கத்துல படுத்திருக்கறவள எழுப்பி, வா தேடலாம்னு கூப்புடத் தோணல."

"அத்த சொன்னது தங்கச்சி," என்றார் சன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு. "பெத்தவ பாக்கக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்குச்சு. அதுக்குத்தான் அன்னிக்கும் ஒன்ன வராதன்னேன். எங்களுக்கு மட்டும் ஆசையா?"

"அடுத்தது தங்காதுன்னுதானே சொன்னாங்க? எனக்கு எல்லாம் நின்னு போயி எத்தன காலமாச்சுண்ணே. இனிமே எந்த வயித்துக்குப் பயப்படுறீங்க?"

வெளியே சாலையில் ஒரு லாரி போனது. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் மண்வாரி ஒன்று கையை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. மூன்று பேரும் அது வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்தார்கள்.

"காட்டுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல புள்ள," என்றான் தர்மேந்திரன் கடைசியில். "வெறும் மண்ணு. நீ போயி எதப் பாப்ப?"

திலகா குனிந்து ஊன்றுகோலை எடுத்தாள். அவன் கையில் கொடுத்தாள். கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டே மீதிச் சில்லறையைச் சொல்வாளே, அந்தக் குரல்.

"மரத்துக்கு மேலயோ கீழயோ, ரெண்டு எடத்தையும் காட்டுங்க. ரெண்டுலயும் ஒக்காந்துக்குறேன். மண்வாரி எறங்குறதுக்குள்ள, இப்பவே, என்னைய எம்புள்ளகிட்டக் கூட்டிட்டுப் போங்க."